மலைக்கு வந்த புது ஆடு: முதல் மாதத் தொல்லைகளும் அவற்றைப் பார்க்கும் வரிசையும்

அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் பிடித்த ஆடு, வத்தலக்குண்டு வழியாக மலையேறி, இருட்டும் நேரத்தில் தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ வந்து இறங்குகிறது. மறுநாள் காலையில் வாங்கியவர் கேட்பது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: தின்னவில்லை, கழிகிறது, இருமுகிறது, ஓயாமல் கத்துகிறது. கீழ்ப்பழனி மலையில் அக்கம்பக்கத்தார் ஆடு கொண்டுவரும்போதெல்லாம் கூப்பிட்ட குரலுக்குப் போய், எந்தக் குறிக்கு எதை முதலில் பார்ப்பது என்று ஒரு வரிசை படிந்துவிட்டது. அதைத்தான் எழுதியிருக்கிறேன். வீட்டோடு நாலைந்து ஆடு வைத்திருப்பவர்களை மனதில் வைத்தது இது. கொடைக்கானல் பக்கத்து மேல்மலைக்கும் நீலகிரிக்கும் வரிசை இதேதான். குளிரும் செடிகளும் மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

முதல் பதினைந்து நாளில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி நோயல்ல, இடமாற்றம்தான். வண்டியில் நின்ற களைப்பு, மாறிய தண்ணீர், மாறிய தழை, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியதால் வந்த குளிர். ஆனால் நுரையீரல் அழற்சியும் ஆட்டுக்கொல்லி நோயும் இதே முகத்தோடுதான் தொடங்கும். வாட்டம் எது, நோய் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கடினம். தெர்மாமீட்டர் சொல்லிவிடும். அது இல்லாமல் ஆடு வாங்காதீர்கள். பெரிய செலவில்லை.

## எந்தக் குறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

காய்ச்சல். தெர்மாமீட்டர் முனையில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வெள்ளாட்டுக்கு இயல்பு. மனிதக் கணக்கில் 102 என்றால் பதறுவோம். ஆட்டுக்கு அது சுகம். வெயிலில் நின்ற ஆட்டையும் இப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிய ஆட்டையும் நிழலில் ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு பாருங்கள். அதன் பிறகும் 104-ஐத் தாண்டினால் காய்ச்சல். 100-க்குக் கீழே இறங்கினால் காய்ச்சலை விட மோசம்.

கீழ்க் கண்ணிமை. இமையைக் கீழே இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். சிவப்பாகவோ நல்ல ரோஜா நிறமாகவோ இருந்தால் சரி. வெளிறியிருந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடிக்கிறது. காகிதம் போல வெளுத்திருந்தால் அன்றே மருத்துவர்.

இடப்பக்க வயிறு. கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை உள்ளே ஏதோ உருண்டு கையைத் தள்ளும். தள்ளினால் வயிறு வேலை செய்கிறது. தள்ளவில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் முதல் கவலை.

புழுக்கை. உருண்டை உருண்டையாக, பளபளப்பாக, தனித்தனியாக விழ வேண்டும்.

இந்த நான்கையும் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட்டால் அவர் தொலைபேசியிலேயே பாதி முடிவு சொல்லிவிடுவார். "ஆடு ஒரு மாதிரியாக இருக்கிறது" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. மலைச்சாலையில் வண்டி வந்து சேர நேரமாகும் என்பதைக் கணக்கில் வைத்து, சமவெளிக்காரர்களை விட அரை நாள் முன்பே கூப்பிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது ஆட்டைப் பழைய ஆடுகளோடு முதல் நாளே சேர்க்காதீர்கள். மூன்று நான்கு வாரம் தனிப் பட்டி, தனித் தண்ணீர்த் தொட்டி. தீவனம் வைக்கும்போது பழைய ஆடுகளைக் கவனித்துவிட்டுக் கடைசியில் புதியவற்றிடம் போங்கள். ஒரே கொட்டகைதான் இருக்கிறது என்பவர்கள் காபிக் களத்து ஓரத்திலோ விறகுச் சாய்ப்பிலோ நான்கு கம்பு நட்டுத் தற்காலிகப் பட்டி போட்டால் போதும்.

## குறி: தின்னவில்லை, ஒதுங்கி நிற்கிறது

### காய்ச்சல் இல்லை, வயிறு உருள்கிறது

பெரும்பாலும் இதுதான். எளியதிலிருந்து தொடங்குங்கள்.

தண்ணீர் குடித்ததா என்று முதலில் பாருங்கள். தாகத்தோடு இருக்கும் ஆடு தின்னாது. மலை ஊற்றுத் தண்ணீர் சில்லென்று இருக்கும். தரைக்காட்டு ஆடு முகர்ந்துவிட்டு விலகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கைப்பிடி தவிடும் இரண்டு சிட்டிகை கல்லுப்பும் கலந்து வையுங்கள், முகத்தை விடும். பிளாஸ்டிக் வாளியைக் கண்டு மிரளும் ஆடும் உண்டு. அகன்ற சட்டியில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது தழை. கன்னி, கொடி என்ற இரண்டு ஆட்டினங்களும் தெற்கத்திச் சீமையின் வறண்ட காட்டில் வேலாங்காயும் இலந்தையும் தின்று வளர்ந்தவை. அவற்றின் முன்னால் மலைப்புல்லை அறுத்துப் போட்டால், அது தீவனம் என்றே அவற்றுக்குத் தெரியாது. வெள்ளாடு எதையும் குனிந்து தின்பதை விட அண்ணாந்து தின்பதையே விரும்பும். பலா இலை, மிளகுக்கொடி ஏற்றிய கல்யாண முருங்கைக் கிளை, கிளிரிசிடியா, அகத்தி இவற்றைக் கட்டாகக் கட்டி முகத்தின் உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். பலா இலையைத் தொடாத வெள்ளாட்டைப் பார்ப்பது அரிது. அதையும் தொடவில்லை என்றால் நான் அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். வாங்கும்போதே விற்பவரிடம் அதற்குப் பழகிய தீவனம் எது என்று கேட்டு ஒரு மூட்டை காய்ந்த கடலைக்கொடியோ சோளத்தட்டையோ கொண்டுவந்திருந்தால் இந்தத் தலைப்பே வேண்டியிருக்காது. புதிய தழையைப் பத்து நாளில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

தனியாக ஒரே ஆடு வாங்கியிருக்கிறீர்களா? தின்னாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கண்ணாடியை மாட்டிவையுங்கள், வானொலியை ஓடவிடுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இன்னோர் ஆட்டை வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை.

### காய்ச்சல் இல்லை, வயிறு உருளவில்லை

தானியம் தின்றதா என்று வீட்டில் எல்லாரையும் விசாரியுங்கள். "பாவம், பசியோடு வந்திருக்கிறதே" என்று பாட்டி ஒரு குண்டான் சோறு வைத்திருப்பார். பையன் மக்காச்சோளத்தை அள்ளிப் போட்டிருப்பான். பலாப்பழச் சக்கையும் இதே வேலையைச் செய்யும். வயிற்றில் அமிலம் கூடி, அழுத்தினால் தண்ணீர்ப்பை போலத் தளும்பும். அரை நாள், ஒரு நாளில் புளித்த வாடையோடு கழியும். மிச்சத் தானியத்தை எடுத்துவிடுங்கள். ஆப்ப சோடா 10 முதல் 15 கிராம் வரை கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, தலையைத் தரைக்கு இணையாகப் பிடித்து, கடைவாய் ஓரமாக மெதுவாகப் புகட்டுங்கள். வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போகும். பிறகு வைத்தியம் அதற்குத்தான் பார்க்க வேண்டும். காய்ந்த வைக்கோலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஆடு தள்ளாடினாலோ படுத்துவிட்டாலோ சோடாவை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

### காய்ச்சல் இருக்கிறது

தின்னாததைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, கீழே இருமல் என்ற தலைப்புக்குப் போங்கள், இருமல் இல்லாவிட்டாலும்.

## குறி: கழிகிறது

புழுக்கை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக விழுவது வேறு, சாணி போல இளகுவது வேறு, தண்ணீராகப் பீச்சுவது வேறு. முதலாவதற்கு ஓடி அலைய வேண்டாம்.

ஈரத் தழை. மழையும் பனியும் படிந்த இளம்புல்லைக் காலையிலேயே தின்றால் மறுநாள் இளகும். பத்து மணிக்கு மேல் பனி உலர்ந்த பிறகு மேயவிடுங்கள். வெளியே விடும் முன் ஒரு கைப்பிடி காய்ந்த தட்டை கொடுங்கள். இரண்டு நாளில் கட்டிவிடும்.

தோட்டக் கழிவு. மலையில் இது தனிக்கதை. முட்டைக்கோஸ் வெளியிலை, கேரட் தழை, சௌசௌக் கொடி என்று இலவசமாகக் குவிந்து கிடக்கிறது. ஆடு வைத்திருப்பவர் கை சும்மா இருக்காது. கோஸ் இலை வயிற்றை உப்பவும் வைக்கும், இளகவும் வைக்கும். அதை விடப் பெரிய தொல்லை அதன் மேல் அடித்த மருந்து. எந்த நாளில் எந்த மருந்து அடித்தார்கள் என்று தோட்டக்காரரைக் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு இலைகூட வேண்டாம். உருளைக்கிழங்குத் தழையும் பச்சை படிந்த கிழங்கும் எப்போதுமே வேண்டாம்.

குடற்புழு. சந்தை ஆட்டின் வயிற்றில் புழு இருக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊரில் நன்றாக இருந்தபோது அடங்கிக் கிடந்தது, அலைச்சலில் உடம்பு தளர்ந்ததும் தலையெடுக்கிறது. இமை வெளுப்பு, சாயங்காலத்தில் தாடைக்கடியில் பை போல வீக்கம், முடி சிலிர்த்து நிற்பது ஆகியவை வட்டப்புழுவின் அடையாளங்கள். புழுக்கையில் அரிசி போல வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் நாடாப்புழு. ஓடையோரச் சதுப்பில் மேய்ந்த ஆட்டுக்கு, நத்தை வழியாக வரும் தட்டைப்புழுவையும் நினையுங்கள். அதை எல்லாக் குடற்புழு மருந்தும் கொல்லாது.

கடையில் போய் "ஆட்டுக்குப் புழு மருந்து" என்று ஒரு பாட்டில் வாங்கி எல்லாவற்றுக்கும் ஒரே மூடி அளவு ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. குறைந்த அளவு புழுவைக் கொல்லாது, மருந்துக்குப் பழக்கும். காலையில் புதிதாக விழுந்த புழுக்கையைச் சின்ன டப்பாவில் எடுத்து அரசுக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதித்து, ஆட்டை எடைபோட்டு, அந்த எடைக்கு மருந்து கேளுங்கள். ஆட்டைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எடை இயந்திரத்தில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். சினையாக இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். அல்பெண்டசோல் இளஞ்சினைக்கு ஆகாது. வந்து இறங்கிய அன்றே சோர்ந்த ஆட்டுக்கு மருந்து ஊற்ற வேண்டாம். ஐந்தாறு நாளில் தெளிந்த பிறகு கொடுக்கலாம். இமை வெளுத்துப்போன ஆட்டுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

குட்டிகளில் இரத்தக் கழிச்சல். பால் மறந்த பருவத்துக் குட்டி, முக்கி முக்கி இரத்தமும் சளியுமாகக் கழிந்தால் அது காக்சிடியா என்ற நுண்கிருமியின் வேலை. குடற்புழு மருந்து இதற்கு வேலை செய்யாது. ஈரத் தரையில், நெருக்கத்தில் பரவும். மருத்துவர் மருந்து தருவார்; தரையை உலர வைப்பது உங்கள் பங்கு.

எல்லாக் கழிச்சலுக்கும் பொதுவானது நீரிழப்பு. காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் கொடுங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். மடிப்பு அப்படியே நின்றால் வாய்வழித் தண்ணீர் போதாது, மருத்துவர் ஏற்ற வேண்டும். மனிதருக்குக் கழிச்சலை நிறுத்தும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். காய்ச்சலோடு கழிந்தால் மேலே சொன்ன எதையும் செய்துகொண்டிராமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

## குறி: இடப்பக்கம் உப்பி நிற்கிறது

தட்டினால் மத்தளம் போலச் சத்தம் வரும். ஆடு பல்லைக் கடிக்கும், வயிற்றை உதைத்துக்கொள்ளும், மூச்சு வாங்கும்.

மலைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: சரிவு. முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி ஆட்டை நிறுத்தி, இடப்பக்கத்தைக் கீழிருந்து மேலாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். காற்று ஏப்பமாக வெளியேறும். பெரிய ஆட்டுக்கு 50 முதல் 100 மில்லி வரை கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ, குட்டிக்கு அதில் கால் பங்கு, மேலே சொன்ன விதத்தில் மெதுவாகப் புகட்டுங்கள். மெல்ல நடத்துங்கள். அரை மணி நேரத்தில் வயிறு இளகவில்லை, நாக்கை வெளியே தள்ளி மூச்சுவிடுகிறது, படுக்கிறது என்றால் அவசரம். வயிற்றில் ஊசி குத்திக் காற்றை இறக்கும் வீரத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் காட்ட வந்தால் அன்போடு அனுப்பிவிடுங்கள்; அது மருத்துவர் வேலை.

## குறி: இருமல், மூக்கு ஒழுகல்

### காய்ச்சல் இல்லை

கொட்டகையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். குளிருக்குப் பயந்து தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கி மூடிவிடுகிறார்கள். உள்ளே மூத்திர ஆவி தங்கி, மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி, நுரையீரல் நோய்க்கு வழி திறக்கிறது. விடியற்காலையில் உள்ளே போய் ஆட்டின் உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். கண் எரிந்தால் கொட்டகை தவறு.

வெள்ளாடு காய்ந்த குளிரைத் தாங்கும். ஈரத்தையும், மேலே நேராக அடிக்கும் காற்றையும் தாங்காது. ஆகவே ஆட்டின் உயரம் வரை காற்றுத் தடுப்பு, கூரைக்கடியில் நல்ல இடைவெளி. பரண் போட்டிருந்தால் பலகைகளுக்கிடையே புழுக்கை விழும் அளவு, ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர், சந்து இருக்கட்டும். குட்டியின் கால் அதில் மாட்டக் கூடாது. பரணுக்கடியிலிருந்து ஏறும் குளிர்காற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்று வரும் பக்கம் மட்டும் கீழே சாக்கு கட்டுங்கள். ஒரு மூலையில் காய்ந்த வைக்கோல் பரப்புங்கள். பெரிய ஆடு ஒன்றுக்குப் பத்துச் சதுர அடியாவது வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆடு வாங்குவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். தைக்குப் பிறகு வாங்கினால் தொல்லை பாதியாகும்.

மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருப்பதைக் காட்டி, "அங்கே ஆடு குளிரில் நன்றாகத்தானே இருக்கிறது" என்பவர்கள் உண்டு. அது கம்பளிச் செம்மறி. சந்தையில் வாங்கிய குட்டைமுடி வெள்ளாட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மேல்மலையில் மார்கழி உறைபனிக் காலத்தில் மெலிந்த ஆட்டுக்கும் குட்டிக்கும் இரவில் மேலே சாக்கு கட்டுவது நல்லது. காலையில் நனைந்திருந்தால் அவிழ்த்துவிட வேண்டும்.

தூசி படிந்த பழைய வைக்கோலும் வறட்டு இருமலைத் தரும். உதறித் தண்ணீர் தெளித்துப் போடுங்கள்.

### காய்ச்சல் இருக்கிறது, மூச்சு வாங்குகிறது

ஓய்ந்து நிற்கும் ஆட்டின் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இயல்பு. 40-ஐத் தாண்டி, காய்ச்சலும் இருந்தால் பயணத்துக்குப் பின் வரும் நுரையீரல் அழற்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கிய இரண்டு நாள் முதல் பத்து நாளுக்குள் வரும், வேகமாகக் கொல்லும். கஷாயம் வைக்கும் நேரமல்ல. நுண்ணுயிர்க்கொல்லி ஊசியைச் சரியான அளவில், சொன்ன நாள் வரை முழுமையாகப் போட வேண்டும். இரண்டாம் நாள் தின்னத் தொடங்கியதும் ஊசியை நிறுத்துவது இங்கே பரவலான பழக்கம். ஒரு வாரத்தில் அதே ஆட்டுக்கு அதே நோய் இன்னும் கடுமையாகத் திரும்பும்.

### காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாயில் புண்

ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். முதலில் நீராக ஒழுகி, பிறகு கெட்டியாகி மூக்கை அடைக்கும். ஈறிலும் உதட்டின் உட்புறத்திலும் தவிடு ஒட்டியது போலப் படலம், வாய் நாற்றம், இரண்டு மூன்று நாளில் கழிச்சல். தொற்று ஏறி நான்கு முதல் ஆறு நாளில் பெரும்பாலும் வெளிப்படும் என்பதால், சந்தையில் மினுமினுப்பாக இருந்த ஆடு உங்கள் வீட்டில்தான் படுக்கும். தனிப் பட்டி வைத்திருந்தால் நட்டம் அங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் பழைய ஆடுகளையும் சேர்த்து இழப்பீர்கள்.

அன்றே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். ஆட்டை வேறெங்கும் கொண்டுபோகாதீர்கள். முக்கியமாக, "இறப்பதற்குள் விற்றுவிடலாம்" என்று சந்தைக்கு ஏற்றாதீர்கள். உங்களுக்கு இந்த நோயைத் தந்தவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு பாதுகாப்பு உண்டு. கால்நடைத் துறை முகாம்களில் போடுகிறார்கள். புது ஆட்டுக்கு எப்போது போடுவது என்பதை மருத்துவர் ஆட்டைப் பார்த்துச் சொல்லட்டும். காய்ச்சலில் இருக்கும் ஆட்டுக்குத் தடுப்பூசி மருந்தாகாது.

வாய்ப்புண் உதட்டின் வெளிப்புறத்தில் பொருக்கு பொருக்காக மட்டும் இருந்து, ஆடு ஓரளவு தின்றுகொண்டிருந்தால் அது வேறு, உயிருக்கு ஆபத்தில்லாத அம்மை வகை. கையில் ஒட்டும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

## குறி: ஓயாமல் கத்துகிறது

இரண்டு மூன்று நாள் கத்துவது கூட்டத்தைத் தேடி. குட்டியைப் பிரித்து விற்றிருந்தால் தாய் ஒரு வாரம்கூடக் கத்தும். தின்கிறது, அசை போடுகிறது என்றால் விட்டுவிடுங்கள். நன்றாகப் பழகிய பெட்டை திடீரென்று கத்தி, வாலை ஆட்டி, பின்பக்கம் ஈரமாக இருந்தால் பருவத்துக்கு வந்திருக்கிறது. ஒன்றரை நாளில் அடங்கி, மூன்று வாரத்தில் திரும்ப வரும். பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது வலி. அது மட்டுமே மருத்துவருக்கான சத்தம். ஓர் எச்சரிக்கை: இரவில் கத்தும் ஆடு சிறுத்தையை வரவழைக்கும். காட்டோரத்தில் இருப்பவர்கள் முதல் வாரம் ஆட்டை வீட்டுச் சுவரோடு ஒட்டிய, கூரையும் கதவும் உள்ள இடத்தில் அடையுங்கள். வலைக்கம்பி மட்டும் போட்ட பட்டி சிறுத்தைக்குப் பொருட்டல்ல.

## குறி: நொண்டுகிறது

காலைத் தூக்கிக் குளம்புகளுக்கிடையே பாருங்கள். கல்லோ முள்ளோ இருந்தால் எடுங்கள், முடிந்தது. மழைக்காலத்தில் அட்டை கடித்த இடம் சீழ் வைத்திருக்கலாம். உப்புத் தண்ணீரில் கழுவுங்கள். குளம்பு வளர்ந்து மடிந்திருந்தால் சீவ வேண்டும். ஒருமுறை தெரிந்தவர் சீவுவதைப் பார்த்துவிட்டுப் பிறகு நீங்கள் செய்யலாம்.

அழுகிய நாற்றம் வந்தால் குளம்பழுகல். வறண்ட நிலத்து ஆட்டுக்கு மலை ஈரம் தரும் முதல் பரிசு. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கரைத்து, காலைக் கழுவித் துடைத்து, ஐந்து நிமிடம் அதில் நிறுத்துங்கள். பிறகு உலர்ந்த தரையில் விடுங்கள். அந்தத் தண்ணீரை ஆடு குடித்துவிடாமல் பார்த்துக் குழியில் கொட்டுங்கள். தரை ஈரமாகவே இருந்தால் எத்தனை முறை நிறுத்தினாலும் பயனில்லை. நான்கைந்து நாளில் குறையாவிட்டால் ஊசி தேவைப்படும்.

ஒரே நேரத்தில் பல ஆடு நொண்டி, வாயிலும் கொப்புளம் இருந்தால் கோமாரி. மாடு வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டிக்குப் போன செருப்போடு மாட்டுக்கொட்டிலுக்குள் நுழையாதீர்கள், மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

## குறி: பால் வற்றியது, மடி வீங்கியது

பயணத்தால் பால் குறைவது ஒரு வாரத்தில் சரியாகும். மடி சூடாக, கல் போல இருந்து, முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டால் திரியாகத் தெரிந்தால் மடிநோய், அன்றே மருத்துவம். மடி குளிர்ந்து நீலம் பாய்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

இந்த மலையில் கூடுதலாக ஒன்றைக் கேட்பேன்: பட்டர் ஃப்ரூட் மரத்துக்கடியில் கட்டினீர்களா? காபித் தோட்டமெங்கும் நிழலுக்கு நிற்கும் அந்த அவகாடோ மரத்தின் இலை ஆட்டுக்கு நஞ்சு. பால் கொடுக்கும் ஆடு தின்றால் மடி வீங்கிப் பால் நின்றுபோகும். நிறையத் தின்றால் இதயத்தைத் தாக்கி, கழுத்திலும் நெஞ்சிலும் நீர் கோத்து இறக்கும். கவாத்துச் செய்த கிளைகளைத் தழை என்று அள்ளிப் போடுகிறார்கள். பலா இலைக் கட்டுக்குள் ஒன்றிரண்டு கொத்து கலந்து வருவதும் உண்டு. பிரித்துப் பார்த்துத் தொங்கவிடுங்கள்.

## குறி: சொறி, முடி உதிர்வு, முகத்தோல் உரிதல்

முடியைப் பிரித்தால் நகரும் பேன், ஒட்டிய உண்ணி தெரியும். மருத்துவர் சொல்லும் மருந்தை அளவு பிசகாமல் தெளித்து, பத்துப் பதினைந்து நாளில் மறுபடி தெளிக்க வேண்டும், முட்டை பொரிந்திருக்கும். குளிரான நாளில் குளிப்பாட்டாதீர்கள். பேன் இல்லாமல் தோல் தடித்துச் செதிலாக உதிர்ந்தால் சொறிப்பூச்சி, ஊசி உண்டு.

காது, மூக்கு நுனி, இமை வீங்கித் தோல் உரிந்து, கண் மஞ்சளாக இருந்தால் அது சொறியல்ல. உண்ணிச்செடி (லண்டானா) தின்றிருக்கிறது. உள்ளூர் ஆடு தொடாது. பசியோடு வந்த புது ஆடு தொடும். ஈரல் கெட்டு, வெயில் பட்டால் தோல் வேகும். இருட்டான நிழலில் கட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மேய்ச்சல் இடத்தில் உண்ணிச்செடியை வெட்டியவர்கள், காய்ந்த குவியலையும் அப்புறப்படுத்துங்கள்; காய்ந்தாலும் நஞ்சு போகாது.

## குறி: முட்டிக்கொள்கின்றன, ஓடிப்போகிறது

தனிப்பட்டிக் காலம் முடிந்து சேர்த்ததும் முட்டும். யார் பெரியவர் என்பது தீர இரண்டு மூன்று நாள் ஆகும். திறந்த இடத்தில் பகலில் சேருங்கள், தீவனத்தை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். இரத்தம் வந்தால் மட்டும் தலையிடுங்கள்.

ஓடுகிற ஆட்டைச் சரிவில் நீளக் கயிற்றில் கட்டிவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். புதரைச் சுற்றிக்கொண்டு, கீழே வழுக்கித் தொங்கி இறந்த ஆடுகள் மலையில் நிறைய. முதல் வாரம் பட்டிக்குள்ளேயே தீவனம். அழைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி தவிடு. அதன் பிறகு அது உங்கள் குரலுக்கு வரும். சரணாலய எல்லைக்குள் போய்விட்டால் சிறுத்தையோடு வனத்துறையையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும்.

## குறி: குட்டி வீசிவிட்டது (கருச்சிதைவு)

முட்டு, வண்டிக் குலுக்கல், பயம் எதுவும் காரணமாகலாம். ஆனால் தொற்றும் காரணமாகலாம். அதில் சில மனிதருக்கும் வரும். வெறுங்கையால் தொடாதீர்கள், கர்ப்பிணிகள் அருகே போக வேண்டாம். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் நாய்க்குப் போடாமல், பையில் கட்டி மருத்துவரிடம் காட்டிவிட்டு, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். நஞ்சுக்கொடி அரை நாளுக்கு மேல் விழாமல் தொங்கினால் இழுக்காதீர்கள். அந்த ஆட்டின் பாலை மருத்துவர் சரி என்று சொல்லும் வரை வீட்டில் பயன்படுத்த வேண்டாம். இரண்டாவது ஆடும் வீசினால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

## குறி: திடீரென்று விழுந்தது, நுரை தள்ளுகிறது

இதில் வீட்டுச் சோதனை ஒன்றே: கடைசி ஆறு மணி நேரத்தில் எங்கே நின்றது, எதைத் தின்றது. அதை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் மருத்துவரைக் கூப்பிடட்டும்.

எச்சில் வழிந்து, உடல் நடுங்கி, கண்மணி சுருங்கியிருந்தால் பூச்சிமருந்து. மருந்து டப்பாவையோ அதன் லேபிளின் படத்தையோ மருத்துவருக்கு அனுப்புங்கள். மாற்றுமருந்து அதைப் பொறுத்தது. மரவள்ளி இலை, இளஞ்சோளப் பயிர் தின்ற சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி விழுந்தால் சயனைடு. மாற்று ஊசி உண்டு, நேரம்தான் இல்லை. வெள்ளாடு வாந்தி எடுப்பது அரிது. பச்சை நுரையாக வாந்தி எடுத்து, பல்லைக் கடித்தால், மேல்மலையிலும் நீலகிரியிலும் காட்டுப்பூவரசையும் (ரோடோடென்ட்ரான்) தோட்டங்களில் அழகுக்கு வைத்த அசேலியாவையும் தேடுங்கள். அரளியும் வேலியோரத்துப் பெரிய ஊமத்தையும் எங்கும் உண்டு.

கொழுத்த, நன்றாகத் தின்றுகொண்டிருந்த குட்டி துள்ளி விழுந்து இறந்தால் துள்ளுமாரி. தீவனம் திடீரென்று செழித்ததன் விலை. மற்ற குட்டிகளுக்கு அன்றே அடர்தீவனத்தைக் குறைத்து, தடுப்பூசி கேளுங்கள். காயடித்த பிறகோ கம்பி கிழித்த பிறகோ கால்கள் விறைத்து, வாய் பூட்டிக்கொண்டால் இசிவு நோய்.

இறந்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த இரத்தம் கசிந்தால், அறுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், கறிக்குக் கொடுக்காதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், மனிதரையும் கொல்லும். நாய், காக்கை அண்டாமல் மூடிவைத்து, மருத்துவர் வந்து சொல்லும் வரை பிணத்தை அசைக்க வேண்டாம். வேறு காரணத்தால் இறந்தது என்று தெரிந்தாலும், கூட்டத்தில் மிச்சம் ஆடு இருந்தால் பிணப்பரிசோதனை கேளுங்கள். இறந்து சில மணி நேரத்துக்குள் செய்தால்தான் அதில் பொருள் உண்டு. ஆகவே காலையில் கண்ட பிணத்தைச் சாயங்காலம் வரை போட்டுவைத்துவிட்டு மருந்தகத்துக்குப் போன் செய்யாதீர்கள்.